புது மரச்சாமான், புது நெடி: குடி போகும் முன் வீட்டுக் காற்றைச் சரிசெய்வது எப்படி?

புது ஃபிளாட்டின் சாவி கைக்கு வந்ததும் என்னென்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவோம். அதற்கு முன்போ பின்போ இன்டீரியர் ஆட்கள் வந்து மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட், லாஃப்ட் கதவு என்று வீடு முழுக்கப் பலகை அடித்துவிட்டுப் போவார்கள். பெயின்ட், மெத்தை, சோஃபா, திரைச்சீலை எல்லாம் அதே மாதத்தில் வந்து இறங்கும். கதவைத் திறந்ததும் ஒரு நெடி அடிக்கும். "புது வீடு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு அன்று இரவே படுத்துவிடுகிறோம்.

தயவுசெய்து அன்று இரவே படுக்காதீர்கள். பலகை, பசை, பாலிஷ் எல்லாவற்றிலிருந்தும் வேதிப்பொருள்கள் காற்றில் கலப்பதால்தான் அந்த நெடி. முதல் சில வாரங்களில் அது மிக அதிகமாக இருக்கும். அந்த வாரங்களில் வீட்டில் ஆள் இல்லாமல் காற்று மட்டும் வந்து போகும்படி விட்டாலே பெரும்பாலான தொல்லை குறைந்துவிடும். மீதியைப் பலகை வாங்கும்போதும் வேலை நடக்கும்போதும் பார்த்துக்கொள்ளலாம்.

என்ன வெளியே வருகிறது?

இன்றைக்கு மரவேலை என்று நடப்பதில் முழு மரம் குறைவு. மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவி அடுக்கி அழுத்தினால் பிளைவுட். மரச்சில்லுகளைப் பசையில் கலந்து அழுத்தினால் பார்ட்டிகிள் போர்டு. அதைவிட நுண்ணிய மரநாரில் செய்தது எம்டிஎஃப். மூன்றையும் பிடித்து வைத்திருப்பது பசைதான். விலை குறைவு, சீக்கிரம் இறுகும் என்பதால் அதிகம் பயன்படுவது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை.

ஃபார்மால்டிஹைடு என்பது அறை வெப்பநிலையில் ஒரு வாயு. பசை இறுகும்போது அதில் சேராமல் தங்கிவிட்ட கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு முதலில் வெளியேறும். அதோடு விஷயம் முடிவதில்லை. சூடும் ஈரப்பதமும் சேரும்போது இறுகிய பசையே மெல்லச் சிதைந்து மறுபடியும் அந்த வாயுவை விடும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சூட்டுக்கும் பஞ்சமில்லை, ஈரத்துக்கும் பஞ்சமில்லை. பெயின்ட் வாடை போய்ப் பல நாள் கழித்தும் வார்ட்ரோபைத் திறந்தால் கண் கரிப்பது இதனால்தான்.

கண் கரிப்பு, மூக்கு எரிச்சல், தொண்டை வறட்சி, இருமல், தலைவலி ஆகியவை பொதுவாக வருகிற தொந்தரவுகள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடலாம். வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றில் ஃபார்மால்டிஹைடு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010ல் வரம்பு வைத்தது. இது 30 நிமிடச் சராசரிக் கணக்கு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. படித்ததும் பதற வேண்டாம். அந்த ஆதாரத்தில் பெரும்பகுதி, தொழிற்சாலை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக அதிக அளவில் சுவாசித்த தொழிலாளர்களிடமிருந்து வந்தது. 0.1 என்ற வரம்புக்குள் இருந்தால் நீண்டகாலப் பாதிப்பிலிருந்தும் பாதுகாப்புதான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆக, அளவைக் குறைப்பதுதான் நம் வேலை.

அளவு எவ்வளவு ஏற முடியும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கலாம். 2005ல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு ஃபீமா என்ற அரசு அமைப்பு டிரெய்லர் வீடுகளைக் கொடுத்தது. சின்னச் சின்ன அறைகள், உள்ளே முழுக்கப் பலகை வேலை, காற்றோட்டம் குறைவு. குடியேறியவர்கள் கண் எரிகிறது, மூக்கில் ரத்தம் வருகிறது, மூச்சு விட முடியவில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். 2007 டிசம்பர் முதல் 2008 ஜனவரி வரை நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி 519 வீடுகளில் காற்றை எடுத்துச் சோதித்தது. சராசரி 100 கோடியில் 77 பங்கு. உலக சுகாதார நிறுவன வரம்பை ஏறக்குறையத் தொட்டுவிடும் அளவு. சில வீடுகளில் 500ஐயும் தாண்டியது. அதுவும் குளிர்காலத்தில் எடுத்த அளவு. வெயில் காலத்தில் இன்னும் கூடியிருக்கும் என்று சிடிசியே சொன்னது. சின்ன இடம், நிறைய பலகை, மூடிய ஜன்னல், வெப்பம் ஆகிய நான்கும் நம் 10க்கு 10 படுக்கையறையிலும் சேர்ந்துவிடுகின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தின்னர், பியூ பாலிஷ், மைக்கா ஒட்டும் ரப்பர் பசை ஆகியவற்றில் டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. நெடி பலமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நாள்களில், சில வாரங்களில் போய்விடும். ஃபோம் மெத்தையும் சோஃபாவும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்த முதல் நாள்களில் அதிகம் விடும். வினைல் தரைவிரிப்பில் வளைவுக்காகச் சேர்க்கும் தாலேட்டுகள் மெல்ல வெளியேறித் தரைத்தூசியில் படியும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதை யோசித்து வாங்குங்கள். "சுருங்காது" என்று விற்கும் திரைச்சீலை, படுக்கை விரிப்புகளில் சிலவற்றுக்கு ஃபார்மால்டிஹைடு பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன்

கான்ட்ராக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது: எந்தப் பலகை, என்ன ரகம்?

பிளைவுட்டில் எம்.ஆர். என்ற ஈரம் தாங்கும் ரகத்துக்குப் பொதுவாக யூரியா பசை. பி.டபிள்யூ.ஆர். ரகத்துக்கும் ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்டுக்கும் ஃபீனால் பசை. கொதிநீரில் போட்டாலும் விட்டுப்போகாத பசை என்பதால் அது ஃபார்மால்டிஹைடு விடுவதும் குறைவு. சமையலறை சிங்க் அடியில் மட்டும் பி.டபிள்யூ.ஆர். போட்டுவிட்டுப் படுக்கையறைக்கு விலை குறைந்த பலகையைப் போடுவதுதான் இங்கே வழக்கம். தண்ணீர்க் கணக்கில் அது சரி. ஆனால் நாம் எட்டு மணி நேரம் கதவை மூடிக்கொண்டு தூங்குவது படுக்கையறையில். காசை எங்கே போடுவது என்று கேட்டால், படுக்கையறை வார்ட்ரோபிலும் கட்டிலிலும் போடுங்கள் என்பேன்.

பலகை வந்து இறங்கியதும் ஒட்டு லேபிளை நம்பாமல், பலகை மேலேயே அச்சிட்ட முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. குறி, ஐ.எஸ். எண், ரகம், சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெட்டுமுனையையும் பாருங்கள்: ஃபீனால் பசைக்கோடு அடர்பழுப்பாக இருக்கும், யூரியா பசைக்கோடு வெளிறி இருக்கும். சாயம் கலந்தும் விற்பார்கள் என்பதால் இதை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் என்றால் "இ1 ரகமா?" என்று கேளுங்கள். இது ஐரோப்பியத் தரம். சோதனை அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் பலகைகளுக்குக் கலிஃபோர்னியாவின் கார்ப் ஃபேஸ் 2 என்ற தரம் உண்டு, அதுவும் நல்லது. "இ0" என்று கடைக்காரர் சொன்னால் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெயரை ஆளாளுக்கு ஒரு பொருளில் சொல்கிறார்கள்.

சில குழப்பங்களையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். எச்டிஎச்எம்ஆர் என்பது மரநாரை அடர்த்தியாக அழுத்திச் செய்த பலகை, ஈரத்தைத் தாங்கும். வாயு குறைவாக விடும் என்று அந்தப் பெயரில் எந்த உறுதியும் இல்லை. எஃப்எஸ்சி முத்திரை, காட்டைப் பொறுப்போடு பராமரித்து எடுத்த மரமா என்பதைப் பற்றியது. பசையைப் பற்றி எதுவும் சொல்லாது. "ஈகோ ஃப்ரெண்ட்லி" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பலகையே குறைவாக வைப்பது எல்லாவற்றையும்விட எளிது. குழந்தை தூங்கும் அறைக்கு இரும்பு பீரோ போதும். பழைய தேக்குக் கட்டில், ஊரில் சும்மா கிடக்கும் அலமாரி இருந்தால் கொண்டுவாருங்கள். அதிலிருந்து வர வேண்டியது எப்போதோ வந்து முடிந்திருக்கும். இலவம்பஞ்சு மெத்தையும் கோரைப்பாயும் இன்னும் கிடைக்கின்றன.

வேலை நடக்கும்போது

மைக்கா நன்றாக ஒட்டிய பரப்பு வழியாக வாயு அதிகம் வராது. வெட்டுமுனை, துளை, மூடாத பின்பக்கம் வழியாகத்தான் வரும். பார்ட்டிகிள் போர்டின் வெட்டுமுனை ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஈரம் உள்ளே போவதும் வாயு வெளியே வருவதும் அந்த வழியில்தான்.

முடிந்த வார்ட்ரோபின் கடைசி டிராயரை முழுக்க இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். முகப்பில் பளபளவென்று மைக்கா இருக்கும். அடியில் பழுப்பாக மூடாத பலகை, ஓரத்தில் ரம்பம் போட்ட தடம், விரலால் தேய்த்தால் தூள் ஒட்டும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் வார்ட்ரோப் முழுக்க அடிக்கிற நெடி இங்கிருந்துதான் வருகிறது என்று புரியும். அதே போலக் கீல் பதித்த குழிகள், வயர் விடத் துளைத்த ஓட்டைகள், சுவரை ஒட்டிய பின்பலகை, லாஃப்டின் மேல்பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: ஒவ்வொரு பலகைக்கும் ஆறு பக்கமும் மூட வேண்டும். வெளிப்பக்கம் மைக்கா, உள்பக்கம் மெல்லிய லைனர் மைக்கா, எல்லா ஓரத்துக்கும் எட்ஜ் பேண்டிங் என்ற ஓரப்பட்டை. முடிந்தவரை மெஷினில் ஒட்டிய பேண்டிங் கேளுங்கள். கையால் ஒட்டியது முனையில் பிரிந்து வரும். கூடுதல் செலவு ஆகத்தான் செய்யும், ஆனால் பலகையும் நாள்பட உழைக்கும்.

கரையான் மருந்து விஷயத்தில் கவனம் தேவை. பலகையின் பின்பக்கம் தடவ ஆசாரி ஒரு டப்பா கேட்பார். அதில் குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள், இருந்தால் வேண்டாம். வீட்டு நெடியால் உடம்பு கெடுவதை "சிக் ஹவுஸ்" என்று சொல்லும் ஜப்பான், 2003ல் கட்டட விதியைத் திருத்தி வீடுகளில் இந்த மருந்தைத் தடை செய்தது; ஃபார்மால்டிஹைடு விடும் பொருள்களுக்கும் கட்டுப்பாடு வைத்தது, புது வீடுகளுக்கு 24 மணி நேரக் காற்றோட்ட வசதியைக் கட்டாயமாக்கியது. நீங்கள் போரேட் வகை மருந்தைக் கேளுங்கள்.

பாலிஷ் வேலை செய்கிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். தூசி வரக் கூடாது என்று கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில், முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஸ்பிரே அடிக்கிறார்கள். நாம் சில மாதம் சுவாசிப்பதை அவர்கள் ஆயுள் முழுக்கச் சுவாசிக்கிறார்கள். கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்பன் கார்ட்ரிட்ஜ் முகமூடியை நாமே வாங்கிக் கொடுக்கலாம். முடிந்தால் பாலிஷை வெளியே பட்டறையில் முடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர்களுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

குடி போகும் முன்

ஆடியில் நாம் புது வீடு குடி போவதில்லை. காற்று அடிப்பதும் அந்த மாதத்தில்தான். ஆனியில் மரவேலையை முடித்து, ஆடி முழுக்க வீட்டைத் திறந்து போட்டு, ஆவணியில் குடி போவது போலத் திட்டமிட்டால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. ஆடித் தள்ளுபடியில் வாங்கிய சோஃபாவும் மெத்தையும் அதே வீட்டில் அப்படியே காற்றாடட்டும். வேறு மாதம் என்றாலும் குறைந்தது மூன்று, நான்கு வாரம் விட்டுப் போங்கள்.

சும்மா ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள். உள்காற்றை அது தள்ள, மறுபக்கம் புதுக்காற்று வரும். சென்னையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். கிழக்கு ஜன்னல் நுழைவாகவும் மேற்கு ஜன்னல் வெளியேற்றமாகவும் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள ஃபிளாட் என்றால், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு எதிர்க்கோடி ஜன்னலைத் திறங்கள்.

வார்ட்ரோப் கதவு, டிராயர், லாஃப்ட், கிச்சன் கேபினட் எல்லாம் திறந்தே இருக்க வேண்டும். மூடிய அலமாரிக்குள் சேர்ந்த வாயு அங்கேயே தங்கி, பிறகு நம் துணியில் ஏறும். மெத்தையின் பிளாஸ்டிக் உறையை முழுக்கக் கழற்றிச் சுவரில் சாய்த்து இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்துங்கள். ஃபோம் மெத்தையை வெயிலில் போட வேண்டாம், நிழல் போதும். திரைச்சீலை, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் ஒரு முறை துவைத்த பிறகே மாட்டுங்கள். இதற்குச் செலவே கிடையாது, பலனும் நிச்சயம்.

இந்த மாதம் வாடகையும் கட்டி இஎம்ஐயும் கட்ட முடியாது, போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை பலருக்கு உண்டு. அப்படியானால் புதுச்சாமான் குறைவாக இருக்கும் அறையில் எல்லாரும் படுங்கள். பெரும்பாலும் அது ஹாலாக இருக்கும். கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர், வயதானவர் ஆகியோருக்கு அந்த இடம் முதலில். குழந்தைகள் உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்கு மகள் வரப்போகிறாள் என்று ஒன்பதாம் மாதத்தில் அந்த அறைக்குப் பெயின்ட் அடித்து, புது அலமாரி போட்டு, புது மெத்தை வாங்கும் வீடுகள் நிறைய. ஆசையோடு செய்வதுதான். அந்த வேலையை ஐந்தாம் மாதத்திலேயே முடித்துவிடுங்கள், வளைகாப்புக்குள் அறை நன்றாகக் காற்றாடிவிடும்.

குடி போன பிறகு

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. படுக்கும் முன் ஒரு கால் மணி, எழுந்ததும் ஒரு கால் மணி ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்கள். முதல் சில மாதம் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தே தூங்கினாலும் நல்லது. கொசுவுக்கு வலை அடித்துக்கொள்ளலாம், கொசுவத்திச் சுருள் மட்டும் வேண்டாம். போகி அன்று காலையோ பக்கத்தில் குப்பை எரியும்போதோ ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

பகலில் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் மாலை வந்ததும் முதல் வேலையாக எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் அளவு உச்சத்தில் இருக்கும். மழைக்காலத்தில் வார்ட்ரோபுக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். இல்லையென்றால் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், மூச்சுக்கு அது வேறொரு தொல்லை. ஈரத்துணியால் தூசி துடைப்பதும் உதவும்.

நெடியை இன்னொரு வாசனையால் மறைக்காதீர்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எல்லாம் காற்றில் மேலும் புகையையும் வேதிப்பொருளையும்தான் சேர்க்கும். புது அலமாரியில் பாச்சை உருண்டை போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் நாஃப்தலீன். பிறந்த குழந்தையின் துணியோடு அதை வைத்தால், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரக்கூடும்.

செடி வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். 1989ல் நாசா செய்த ஆய்வு மூடிய சின்னப் பெட்டிகளுக்குள் நடந்தது. பிறகு வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், ஜன்னல் வழியாக இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை தேவைப்படும் என்று 2019ல் கணக்குச் சொன்னார்கள். செடி அழகுக்கு இருக்கட்டும். ஏர் பியூரிஃபையரில் ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாயுவுக்குக் கனமான கார்பன் வடிகட்டி வேண்டும், அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஓசோன் விடும் கருவி வேண்டவே வேண்டாம், ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல். ஆன்லைனில் விற்கும் மலிவான ஃபார்மால்டிஹைடு மீட்டர்கள் பக்கத்தில் சானிடைசர் தடவினாலே எகிறும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

தொந்தரவு நிற்கவில்லை என்றால்

எந்தச் சாமான் என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரவு எல்லா அலமாரியையும் காலி செய்து மூடுங்கள். காலையில் வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வந்து, ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். வீட்டிலேயே இருந்தால் மூக்குக்குப் பழகிவிடும், அதற்காகத்தான் வெளியே போய்வருவது. நெடி அதிகம் அடிக்கும் சாமானில் மூடாத ஓரங்களையும் துளைகளையும் தேடி எட்ஜ் பேண்டிங் ஒட்டுங்கள். ஒட்ட முடியாத இடத்தில் தின்னர் இல்லாமல் தண்ணீர் சேர்த்துத் தயாரித்த (வாட்டர் பேஸ்டு) சீலர் அடிக்கலாம். அப்படியும் குறையவில்லை என்றால் அதைப் படுக்கையறையை விட்டு வெளியேற்றிப் பால்கனியிலோ பயன்படுத்தாத அறையிலோ வையுங்கள்.

கூடவே ஒரு தாளில் எழுதி வாருங்கள்: யாருக்கு, எந்த அறையில், எந்த நேரத்தில் தொந்தரவு; ஊருக்குப் போன நாள்களில் குறைந்ததா; திரும்பி வந்ததும் மறுபடி வந்ததா. மூச்சிரைப்பு, விடாத இருமல், குழந்தைக்கு இழுப்பு என்றால் எழுதி முடிக்கும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள், இன்ஹேலர் எடுப்பவர்கள் அதை நிறுத்த வேண்டாம். மருத்துவர் தூசி, நாய், பூனை பற்றிக் கேட்பார். புது அலமாரி எப்போது வந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றாமல் போகலாம். நீங்களே அந்தத் தாளைக் காட்டி, மரவேலை எந்தத் தேதியில் முடிந்தது, தொந்தரவு எப்போது தொடங்கியது என்று சொல்லிவிடுங்கள்.